ஆஸ்மர்பி பங்கு

தவிட்டுப்பாறை, உசிலம்பட்டி வழி
8.10.1978

அன்பு மகள் முத்துத்தாய்க்கு அப்பா சோணை எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. சைக்கிள் கடையில் வைத்தே பிரித்துப் படித்தேன். படித்துவிட்டு ஒரு பஞ்சர் ஒட்டினேன். ஒட்டிவிட்டு மறுபடி படித்தேன். இரண்டாவது தடவையும் அதேதான் எழுதியிருந்தது. தலைப்பிரசவத்துக்கு நீ ஊருக்கு வரவில்லை.

எனக்குப் புரிகிறது தாயி. மாப்பிள்ளை மருது ஆஸ்பத்திரி வேலையில் சேர்ந்து நாலு மாசம்கூட ஆகவில்லை, லீவு கிடைக்காது. நீ அலையக் கூடாது என்று அங்குள்ள டாக்டர் சொல்லிவிட்டார். எட்டாங்கிளாஸில் பெயிலான என் மூளைக்கே இது ஏறிவிட்டது. பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத உன் அம்மாவின் மூளைக்கு ஏறவில்லை. அவளுக்கு மூளை என்னைவிட அதிகம், அதுதான் சங்கடம்.

பழைய நூல் சேலைகளைக் கிழித்து, துவைத்து, மடித்து வைத்திருந்தாள். சுக்கு, திப்பிலி எல்லாம் காயப்போட்டு டப்பாவில் அடைத்திருந்தாள். நான் கடிதத்தைப் படித்து முடிக்கிற வரைக்கும் டப்பா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். பிறகு, "அப்ப நான் எதுக்கு இருக்கேன்?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இனிமே அந்த லெட்டரை வீட்டுக்குள்ள வச்சுப் படிக்காதீக. கடையில வச்சுப் படிச்சுக்கங்க" என்றாள். அன்றிலிருந்து உன் பேரை அவள் எடுக்கவில்லை. நானும் வீட்டில் வாயைத் திறப்பதில்லை. திறந்தால் சோறு தாமதமாகிறது.

சரி, சுகப்பிரசவம் ஆக வேண்டுமென்று நம் குலசாமிக்கு நேர்ந்துகொள்ளலாம் என்று பேயாண்டி பூசாரியிடம் போனேன். அங்கே ஒரு சிக்கல்.

"புள்ளை எந்த ஊர்ல பெறக்கப் போகுது?" என்று கேட்டார்.

"லண்டன்ல" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

"லண்டனு பட்டணமுல்ல. நான் ஊரைக் கேட்டேன்."

உன் கடிதத்தை எடுத்து, பின்பக்க விலாசத்தை எழுத்துக் கூட்டி, "ஆஸ்மர்பி" என்றேன்.

"அந்த ஊருக்கு ஏன் அந்தப் பேரு வந்துச்சு? எல்லையில யாரு நிக்கிறா?"

நான் முழித்தேன். உனக்கும் தெரியாமல் இருக்கலாம், சொல்கிறேன். நம் வகையறாவில் பிள்ளை வெளியூரில் பிறந்தால், மாசி சிவராத்திரிக்கு மறுநாள் பூசாரி அந்த ஊர் எல்லைச்சாமியைக் கூப்பிட்டு, 'உன் மண்ணில் விழுந்த எங்கள் பிள்ளையை எங்களுக்கு விட்டுக்கொடு' என்று கேட்க வேண்டும். அதற்கு ஊர்ப்பேரும் அது வந்த கதையும் தெரிய வேண்டும். கதையில்தான் சாமி யாரென்று இருக்குமாம். "மொட்டை விலாசத்துக்கு நான் எப்பிடிய்யா தாக்கல் சொல்றது?" என்று கோபப்பட்டார். தபால்காரர் பேசுகிற பேச்சு அது.

அதனால் நீ அங்கே நாலு பேரிடம் விசாரித்து எழுது. மாசிக்குள் வேண்டும்.

அப்பா.


ஆஸ்மர்பி
30.10.1978

அன்புள்ள அப்பாவுக்கு முத்துத்தாய் எழுதுவது.

நாலு பேரிடம் விசாரி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நாலு பேருக்கு நான் எங்கே போவது?

இங்கே வந்ததிலிருந்து நான் பேசிய ஆட்கள் உங்கள் மாப்பிள்ளையும் பால்காரரும்தான். உங்கள் மாப்பிள்ளை இருட்டோடு பஸ் ஏறி இருட்டிய பிறகு வருகிறார். பால்காரர் பாட்டிலை வைத்துவிட்டு ஓடிவிடுகிறார். யாரும் யாரையும் 'எங்க போயிட்டு வாரீக' என்று கேட்பதில்லை. தெருவில் எதிரே பட்டால் வானத்தைப் பார்த்து, இன்றைக்குக் குளிர் என்பார்கள். நானும் ஆமாம் குளிர் என்பேன். மதுரையில் பி.ஏ. படித்த இங்கிலீஷுக்கு இவ்வளவுதான் வேலை. பக்கத்து வீட்டில் மிஸஸ் கிராப் என்று வயதான அம்மா ஒருவர் இருக்கிறார். ஜன்னல் துணியை விலக்கி என்னைப் பார்ப்பார். நான் திரும்பிப் பார்த்தால் துணி மூடிக்கொள்ளும். அவரிடம் போய், உங்கள் ஊர் எல்லையில் எந்தச் சாமி நிற்கிறது என்று கேட்கவா? போலீஸைக் கூப்பிடுவார்.

எல்லையில் ஒரு பலகைதான் நிற்கிறது அப்பா. அதுவும் சாய்ந்து நிற்கிறது.

முதலில் நீங்கள் சொல்லுங்கள், நம் ஊருக்கு ஏன் தவிட்டுப்பாறை என்று பேர்? அம்பது வருஷமாக அங்கேதானே இருக்கிறீர்கள்?

அம்மாவுக்கு என்மேல் கோபம் என்று சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிறீர்கள். படித்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயிற்றில் பிள்ளை உதைக்கும்போது, இது சரியா, இப்படித்தான் இருக்குமா என்று கேட்க எனக்கு ஆளில்லை. அம்மாவை ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். திட்டுவதென்றாலும் சரி.

முத்துத்தாய்.


தவிட்டுப்பாறை
18.11.1978

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

உன் கேள்வியால் என் மானம் போனது. இத்தனை வருஷம் சைக்கிள் மட்கார்டில் எல்லாம் 'சோணை சைக்கிள் மார்ட், தவிட்டுப்பாறை' என்று பெயின்ட்டில் எழுதினவன் நான். எதற்கு அந்தப் பேர் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. கடையைச் சாத்திவிட்டு விசாரிக்கக் கிளம்பினேன்.

டீக்கடை சுலைமான் பாய், "பாறை தவிட்டு நெறத்துல இருக்குல்ல, அதான் அண்ணே" என்றார். நேரில் போய்ப் பார்த்தேன். பாறை எருமை நிறத்தில் இருக்கிறது. திரும்பி வந்து சொன்னதற்கு, "சாயங்காலம் பாக்கணும்" என்கிறார். சாயங்காலமும் பார்த்தேன். எருமை மேய்ச்சலிலிருந்து திரும்பின நிறத்தில் இருக்கிறது.

பள்ளிக்கூடத்து வாத்தியார், முனிவர் ஒருவர் தவம் செய்த பாறை என்றும், தவப்பாறை என்பதுதான் இப்படி ஆகிவிட்டது என்றும் சொன்னார். மத்தியானம் அதில் உட்கார்ந்து பார்த்தேன். முனிவர் கெட்டி வேட்டி கட்டியிருக்க வேண்டும். நான் கட்டியிருந்தது மெல்லிசு மல் வேட்டி.

இட்லிக்கடை செல்லத்தாயி சொன்னதுதான் மனசில் நிற்கிறது. அந்தக் காலத்தில் ஒருத்திக்குப் பிறந்த பிள்ளையெல்லாம் தங்காமல் போனதாம். அடுத்த பிள்ளை பிறந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு போய், அந்தப் பாறையில் வைத்து, வழியில் வந்த ஒருத்தியிடம் ஒரு முறம் தவிட்டுக்குக் கொடுத்துவிட்டாளாம். எமன் வந்து பார்த்தால், இது இவள் பிள்ளை இல்லை, தவிட்டுக்குப் போன பிள்ளை என்று திரும்பிவிடுவான். பிறகு பிள்ளை தாய் வீட்டுக்கு வந்துவிடும். இப்படித் தவிட்டுக்குக் கொடுத்து வாங்குகிற வழக்கம் நம் பக்கம் உண்டுதான். ஆனால் நம் ஊர்ப்பேர் அதனால்தான் வந்தது என்று செல்லத்தாயியாலும் சத்தியம் பண்ண முடியவில்லை. "எங்க மாமியா சொல்லுச்சு. அது வாயில உண்மை வந்து நான் பாத்ததில்ல" என்றாள்.

ஆக, நம் ஊரும் மொட்டை விலாசம்தான். இனி உன் ஊரை நான் கேலி பண்ண முடியாது. ஆனாலும் பூசாரி விடமாட்டேன் என்கிறார். "நம்ம ஊருக்குத் தெரியலைன்னா பரவால்ல, நமக்குள்ள. அசலூருக்கு மரியாதை வேணும்" என்கிறார்.

பக்கத்து வீட்டு அம்மாவிடமே முதலில் கேள் தாயி. உள்ளே இருந்து பார்க்கிறவருக்குப் பேச ஆசை இருக்கும்.

உன் அம்மா இப்போது ஒன்று செய்கிறாள். நான் கடையிலிருந்து வந்ததும் முறத்தில் அரிசியைப் போட்டுக்கொண்டு, நடையில் என் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்கிறாள். நான் உன் கடிதத்தைப் பொதுவாக, காற்றுக்குச் சொல்வதுபோலச் சத்தமாகப் படிக்கிறேன். வீட்டுக்குள் படிக்காதீக என்று அவள் சொல்வதில்லை. அரிசியில் கல்லே இருக்காது. இருந்தாலும் பொறுக்குகிறாள்.

அப்பா.


ஆஸ்மர்பி
12.12.1978

அன்புள்ள அப்பாவுக்கு,

கேட்டுவிட்டேன்.

கதவைத் தட்டுவதற்கு முன் அரைமணி நேரம் வாசலில் நின்றிருப்பேன். மிஸஸ் கிராப் திறந்தார். நான் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினதுபோல, "இந்த ஊருக்கு இந்தப் பேர் எப்படி வந்தது?" என்று கேட்டேன். அவருடைய வயதைக் கேட்டதுபோல என்னைப் பார்த்தார். பிறகு, "உள்ளே வா, கதவு வழியாகக் குளிர் வருகிறது" என்றார். டீயும் ரொட்டியும் கொடுத்தார். மூன்று மணி நேரம் அங்கேயே இருந்தேன் அப்பா.

ஆஸ்மர் என்ற ஒருவன் எந்தக் காலத்திலோ படகில் வந்து இங்கே முதல் வீட்டைக் கட்டினான், அவனால்தான் ஊருக்கு இந்தப் பேர் என்றார். மறுநாள் கறிக்கடைக்காரரிடம் கேட்டேன். கையில் கத்தியோடு சிரித்தார். ஆஸ்மரும் இல்லை கீஸ்மரும் இல்லை, ஒரு வகைக் கரும்பறவை வந்து இறங்குகிற சதுப்புநிலம் இது, பறவையின் பழைய பேர்தான் ஊர்ப்பேர் என்றார். பறவை எங்கே என்றால், போய்விட்டது என்கிறார். சதுப்பு எங்கே என்றால், அதுவும் போய்விட்டதாம். சர்ச் பாதிரியார் இரண்டு பேருக்குமே அறிவில்லை என்பதை மரியாதையாகச் சொன்னார். பழைய ஏடுகளில் ஒவ்வொன்றிலும் பேர் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது, உண்மை கடவுளுக்குத்தான் தெரியும், அவரும் இதுவரை சொல்லவில்லை என்றார்.

இப்போது ஊரே இரண்டு கட்சி. கறிக்கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய வரைபடத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நம் வீட்டுக்கே வந்துவிட்டார். தெருவில் நடந்தால், "கண்டுபிடித்துவிட்டாயா?" என்று கேட்கிறார்கள். வானத்தைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை.

எதற்காகக் கேட்கிறாய் என்று மிஸஸ் கிராப் விசாரித்தார். எல்லைச்சாமியிடம் பிள்ளையை விட்டுக்கொடுக்கச் சொல்ல வேண்டும் என்று விளக்கினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "இந்த ஊர் யாரையும் பிடித்து வைத்ததில்லை. என் இரண்டு பையன்களையும் விட்டுவிட்டது" என்றார். ஒருவர் ஆஸ்திரேலியாவில், ஒருவர் கப்பலில். பிறகு, பிள்ளை எந்தப் பக்கம் உதைக்கிறது என்று கேட்டார். இடது பக்கம் என்றேன். அவருக்கும் மூத்தவன் இடது பக்கம்தானாம்.

இதைக் கேட்க எனக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்லுங்கள். ஆனால் அம்மா இடம் அப்படியேதான் இருக்கிறது என்றும் சொல்லுங்கள்.

முத்துத்தாய்.


தவிட்டுப்பாறை
2.1.1979

அன்பு மகளுக்கு,

கடிதத்தைக் காற்றுக்குப் படித்தேன். கடைசி வரி வந்தபோது முறம் நின்றுவிட்டது. பிறகு உன் அம்மா கோழியைப் பார்த்து, "அந்தம்மாவுக்கு ரெண்டு பயலுக இருந்தும் கூட யாரும் இல்லையாமா?" என்று கேட்டாள். கோழி பதில் சொல்லவில்லை. நான் சொன்னேன். "வயசான காலத்துல தனியாக் கெடக்கு, பாவம். வெந்நி கிந்நி யாரு வச்சுக் குடுப்பா?" என்றாள். உன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ராத்திரி குழம்பில் உப்பு சரியாக இருந்தது. போன அக்டோபருக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

பூசாரிக்கு மூன்று கதையையும் சொன்னேன். திட்டுவார் என்று தள்ளியே நின்றேன். "மூணு பேரு மூணு விதமாச் சொல்றானா? அப்ப பழைய ஊருதான். புது ஊருன்னா ஒரே கதைதான் இருக்கும்" என்று சந்தோஷப்பட்டார். ஆனால் யாரைக் கூப்பிடுவது என்று அவருக்கும் குழப்பம். படகில் வந்தவனா, பறவையா? யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

நேற்று கடை மேஜைமேல் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தது. உள்ளே பிள்ளைமருந்து, கருப்பட்டி போட்டு உருட்டினது. உன் அம்மா வைத்துவிட்டுப் போனதைச் சுலைமான் பாய் பார்த்திருக்கிறார். யாருக்கு என்று சொல்லவில்லையாம். எனக்குத் தெரிந்து இப்போது பிள்ளை பெறப்போவது நீயும் பாய் வீட்டு வெள்ளாடும்தான். ஆட்டுக்குக் கருப்பட்டி போடுகிறவள் இல்லை உன் அம்மா. அதனால் உனக்கே பார்சல் கட்டிவிட்டேன். பெற்ற பிறகு காலையில் வெறும் வயிற்றில் ஒரு உருண்டை. இதை யாரும் சொல்லச் சொல்லவில்லை. கோழியிடம் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு எழுதுகிறேன்.

அப்பா.


ஆஸ்மர்பி
6.2.1979

அன்புள்ள அப்பாவுக்கு,

தந்தி கிடைத்திருக்கும். பெண் குழந்தை, இருவரும் நலம் என்று மட்டும் உங்கள் மாப்பிள்ளை அடித்திருப்பார். மீதியை நான் எழுதுகிறேன்.

அன்றைக்குக் காலையில் கதவைத் திறந்தால் ரோட்டையே காணோம். பனி இடுப்பு உயரம். முந்தின நாள் வேலைக்குப் போனவர் ஆஸ்பத்திரியிலேயே மாட்டிக்கொண்டார். டெலிபோன் செத்துவிட்டது. பத்து மணிக்கு வலி எடுத்தது. தேதிக்கு இன்னும் நாள் இருந்தது அப்பா. சுவரைத்தான் தட்டினேன். அந்தப் பக்கம் மிஸஸ் கிராப்பின் சமையல்கட்டு.

போன அக்டோபரில் இது நடந்திருந்தால் அந்தச் சுவரைத் தட்டியிருப்பேனா என்று தெரியவில்லை.

அவர் என்னை அணைத்துப் பிடித்து அவர் வீட்டு முன்னறைக்குக் கொண்டுபோய்விட்டார். ஜன்னலைத் திறந்து அவர் போட்ட சத்தத்தில் கறிக்கடைக்காரர் ஓடி வந்து, ஊர் ஆண்களைத் திரட்டி மண்வெட்டியோடு ரோட்டை வெட்டத் தொடங்கினார். விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரி டிராக்டரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய்ப் பக்கத்து ஊர் மருத்துவச்சியை உட்காரவைத்துக் கூட்டி வந்தார். வெட்டுகிறபோதும் சண்டைதானாம். "பார், பனிக்கு அடியில் இவ்வளவு தண்ணீர் நிற்கிறது, இது சதுப்புநிலம்தான்" என்று கறிக்கடைக்காரர் சொல்ல, "ஆஸ்மர் முட்டாள், அதனால்தான் இங்கே வீடு கட்டினான்" என்று இன்னொருவர் சொல்ல, பாதிரியார் ஒன்றும் பேசாமல் இரண்டு பேரைவிட வேகமாக வெட்டினாராம்.

நான் "அம்மா" என்று கத்தினபோதெல்லாம் மிஸஸ் கிராப், "இருக்கிறேன், இருக்கிறேன்" என்றார். இங்கிலீஷில்தான், ஆனால் 'அம்மா' என்றால் என்னவென்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. பிள்ளையை முதலில் கையில் வாங்கினதும் அவர்தான்.

இத்துடன் ஒரு கம்பளித் தொப்பி அனுப்புகிறேன். நான் முதல் தடவை கதவைத் தட்டின அன்று ராத்திரியே அவர் பின்ன ஆரம்பித்தது. பிள்ளை முதலில் போட்டது. நேரில் வர முடியாத பிள்ளைக்கு அது உடுத்தின ஏதாவது ஒன்று சாமிமுன் இருக்கலாம் இல்லையா? பூசாரியிடம் கேளுங்கள். மன்னித்துக்கொள்ளச் சொல்லுங்கள், எல்லைச்சாமி யாரென்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

அப்பா, ஒன்று கேட்கிறேன். ஊர்ப்பேரின் கதையைப் பூசாரி உண்மையிலேயே கேட்டாரா? இல்லை, நான் நாலு கதவைத் தட்டட்டும் என்று நீங்கள் கட்டிவிட்டதா?

எப்படியானாலும் நன்றி.

முத்துத்தாய்.

பி.கு. மருந்து காரம். ஒரு உருண்டை மிஸஸ் கிராப் சாப்பிட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது, நல்லது என்றார்.


தவிட்டுப்பாறை
4.3.1979

அன்பு மகளுக்கும், தொப்பி போடுகிற பேத்திக்கும், மாப்பிள்ளைக்கும் சோணை எழுதுவது.

நான் கட்டிவிட்ட கதையா என்று கேட்டிருக்கிறாய். அம்புட்டு சாமர்த்தியம் எனக்கு இருந்தால் ஏன் தாயி வாடகை சைக்கிளைத் துரத்திக்கொண்டு கிடக்கிறேன்? பூசாரியையே கேட்டுக்கொள், நேரில் வரும்போது.

சிவராத்திரிக்குக் கோயிலுக்குப் போனோம். உன் அம்மாவும் வந்தாள். மறுநாள் காலையில் பொங்கல் வைத்த பிறகு தொப்பியைத் தட்டில் வைத்து நடந்ததையெல்லாம் பூசாரிக்குச் சொன்னேன். பேயாண்டி தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலை விட்டுப் பார்த்தார். "இம்புட்டு இழையைக் கையால பின்னிக் குடுத்தவககிட்டப் போயி, 'எங்க புள்ளைய விட்டுக்குடு'ன்னு கேக்கவா? நல்லாவா இருக்கும்? நான் கேக்க மாட்டேன்" என்றார்.

"அப்ப என்னதான் செய்யிறது?" என்றேன்.

"செய்யிறதைப் பாரு" என்றார்.

பங்கு கூப்பிடுவது உனக்கு ஞாபகம் இருக்கும். நம் வகையறா எந்தெந்த ஊரில் இருக்கிறதோ, அந்தந்த ஊர்ப்பேரைப் பூசாரி கூப்பிடுவார். அந்த ஊர் ஆள் 'இருக்கோம்' என்று குரல் கொடுத்துப் பொங்கலும் தேங்காய் மூடியும் வாங்க வேண்டும். "மேலூர் பங்கு!" என்றார். "இருக்கோம்!" என்றார்கள். "திருப்பரங்குன்றம் பங்கு!" "இருக்கோம்!" இப்படி எல்லா ஊரும் முடிந்தது. துண்டை உதறி முடித்துக்கொள்வார் என்று பார்த்தால், கண்ணை மூடிக்கொண்டு, "பேரு வந்த கதை தெரியாட்டியும், எங்க புள்ளைக்கு வழி வெட்டிவிட்ட ஊரு!" என்று சத்தம் போட்டுவிட்டு, "ஆஸ்மர்பி பங்கு!" என்றார்.

நான்தான் குரல் கொடுத்திருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை தாயி. பம்பில் வாஷர் போனதுபோலக் காற்றுதான் வந்தது. கூட்டம் என்னையே பார்க்கிறது. நம் பங்காளி தவசி, "என்ன அண்ணே, ஆஸ்மர்பிக்குப் பஸ்ஸு எத்தனை மணிக்கு?" என்று கிண்டல் பண்ணினான். எல்லோரும் சிரித்தார்கள்.

பெண்கள் நிற்கிற பக்கத்திலிருந்து, "இருக்கோம்!" என்று ஒரு குரல்.

உன் அம்மா. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆண்கள் கூட்டத்துக்கு நடுவில் நடந்து வந்தாள். வழியில் தவசியைப் பார்த்து, "காலையில ஒண்ணு போச்சு கொழுந்தனாரே. அடுத்தது ஒன் தலைக்கு மேல போகும், அண்ணாந்து பாரு" என்றாள். பொம்பளை பங்கு வாங்குவதா என்று யாரோ முனகினார்கள். "அந்த ஊர்க்காரி வந்து நிக்கிறா, குடுக்காம என்ன செய்ய?" என்று பூசாரி அவள் மடியில் பொங்கலை வைத்துவிட்டார்.

தேங்காய் மூடியை உனக்கு அனுப்ப முடியாது. சுலைமான் பாய்க்கும் செல்லத்தாயிக்கும் கொடுத்தோம். வாத்தியாருக்கும் கொடுத்தோம், தவத்துக்காக. கறிக்கடைக்காரருக்கும் பாதிரியாருக்கும் டிராக்டர் சம்சாரிக்கும், சதுப்பாக இருந்தாலும் சரி ஆஸ்மராக இருந்தாலும் சரி, சோணை கும்பிட்டதாகச் சொல். மிஸஸ் கிராப் அம்மாவுக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. எட்டாங்கிளாஸ் வரைக்கும் அதற்கு வார்த்தை சொல்லித்தரவில்லை.

தாளில் இடம் முடியப்போகிறது. உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். முறம் இல்லை. எழுதுங்க என்கிறாள். அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன், ஒரு எழுத்துக்கூட நான் சேர்க்கவில்லை.

"முத்து, அம்மா சொல்றேன். ஒன்னையத் தூரமாக் குடுத்துட்டமேன்னு எம்புட்டு அழுதேன்னு ஒங்கப்பாவுக்குத் தெரியாது. இப்பச் செல்லத்தாயி சொன்ன கதையை நெனச்சுக்கிட்டேன். ஒன்னைய அந்தம்மாகிட்டத் தவிட்டுக்குக் குடுத்திருக்கேன். அவுகளும் தவிடு அனுப்பிட்டாக, தொப்பி வந்துருச்சு. தவிட்டுக்குக் குடுத்த புள்ளை நல்லா இருக்கும். தாய் வீட்டுக்குத் திரும்பி வரும். அவுகளையும் கூட்டிக்கிட்டு வா. மருந்து காரம்னா வெண்ணெயில கொழைச்சுச் சாப்பிடு, அவுகளுக்கும் அப்பிடியே குடு. அப்பறம், அந்த ஊருக்கு ஏன் அந்தப் பேருன்னு இன்னும் முடிவு தெரியலையாமே? விட்றாத. கேட்டுக்கிட்டே இரு."